ஏழாம் முகப்பில் குத்திய முத்திரை

விமானம் காணாமல் போன மூன்றாம் நாள் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாரும் விமானிகளாகிவிட்டார்கள். ஐந்தாம் நாள் எல்லாரும் போலீஸ். ஆறாம் நாள் என் வீட்டு வாசலில் நிற்கும் காடிக்குப் புது டயர் போட்டிருக்கிறது என்று யாரோ படம் பிடித்து முகநூலில் ஏற்றிவிட்டார்கள். கீழே ஒரு கேள்வி வேறு: இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? பழைய டயர் நாலும் வழுக்கையாகி, மழையில் வண்டி சறுக்கி, என் கணவர் பரஞ்சோதி திட்டித் தீர்த்த பிறகு மாற்றியவை அவை. யாரிடம் போய் அதைச் சொல்வது? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

என் பெயர் தவமலர். விமான நிலையத்தில், நாட்டை விட்டு வெளியே போகிறவர்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை குத்துவது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி, அதே கண்ணாடித் தடுப்பு. அன்று உட்கார்ந்திருந்தது ஏழாம் முகப்பில். லொம்போக் தீவுக்குப் போகும் மதிய விமானத்தின் ஆட்களில் பாதிப் பேர் என்னைத் தாண்டித்தான் போனார்கள். விமானம் கிளம்பிய ஒரு மணி நேரத்தில் கடலுக்கு மேலே எங்கோ மறைந்தது. நூற்று நாற்பத்தொரு பேர். ஒரு செருப்புகூட மிதக்கவில்லை.

தெருமுனை முஸ்லிம் காக்கா கடையில் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டே விமானம் ஒரு தீவில் இறங்கிவிட்டது என்றார் கடைக்காரர். பக்கத்து மேசைக்காரர் அதற்குத் தீவின் பெயரே சொன்னார். அப்புறம்தான் அந்தக் கேமரா படம் வெளியானது. தொப்பி போட்ட ஓர் ஒல்லிப் பையன். கையில் கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்திலேயே அவனுடைய பாஸ்போர்ட் படம்: சஹ்னான், வயது இருபத்தெட்டு, லொம்போக். இரண்டும் ஒரே ஆள் இல்லை என்று ஒருவன் கிளப்பிவிட்டான். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. துப்பாக்கி என்றார்கள், குழாய் வெடிகுண்டு என்றார்கள். சோதனைக் கருவி என்று ஒன்று இருக்கிறதே, அதைத் தாண்டித்தானே வந்திருக்கிறான் என்று எவரும் யோசிக்கவில்லை. இவனை உள்ளே விட்டது யார் என்பதுதான் எல்லாருக்கும் கேள்வி. அடுத்த நாள் என் படமும் வந்துவிட்டது.

மீன் வாங்கப் போனேன். தட்டில் எடை போட்ட மீனை மீன்காரப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். பதினைந்து வருஷமாக "பசியாறிட்டியாக்கா" என்று கேட்காமல் பையைக் கொடுக்காதவள். எனக்கு அழுகையும் வந்தது, அவளை நாலு கேள்வி கேட்கவும் வாய் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு வந்தேன். மடியில் கனம் இல்லையென்றால் வழியில் பயம் இல்லை என்பார்களே. என் மடியில் கனம் இருந்தது.

விசாரணைக் குழுவிடம் நான் சொன்னது மூன்றே வரி. முகம் பொருந்தியது. பாஸ்போர்ட் அசல். வழக்கமான கேள்வி தவிர வேறு பேச்சு இல்லை. இவற்றில் நடுவரி மட்டும்தான் உண்மை.

நடந்தது இதுதான். கைரேகைக் கருவி மூன்று நாளாகப் பழுது. அதன்மேல் ஒட்டிய சீட்டுகூடக் காய்ந்து சுருண்டுவிட்டது. வரிசை தூண்வரை நின்றது. மேலதிகாரி பின்னால் நடந்தபடி சீக்கிரம் சீக்கிரம் என்றார். அப்போதுதான் அவன் வந்தான். தொப்பியைக் கழற்றச் சொன்னேன். எங்கள் வேலையில் பழையவர்கள் முகத்தை நம்ப மாட்டார்கள். முகம் இளைக்கும், ஊதும், தாடி வைக்கும். காதுதான் மாறாது. படத்தில் இருந்தவனுக்குக் காதுமடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. என் முன்னால் நின்றவனுக்கு மடல் தனியாகத் தொங்கியது.

"சஹ்னானா?" என்று கேட்டேன்.

ஆமாம் என்றான். பிறந்த தேதி கேட்டேன், தட்டாமல் சொன்னான். கையில் என்ன என்று கேட்டேன். பிளாஸ்டிக்கின் நுனியை விலக்கிக் காட்டினான். நாலு ரப்பர்க் கால் வைத்த ஊன்றுகோல். அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது, அவர்களுக்காக என்றான். சொல்லும்போது அவன் உதடு நடுங்கியது. பொய்க்கு நடுங்குகிற உதட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது அது இல்லை.

மேலதிகாரியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டால் அவனைத் தடுப்பு முகாமில் போடுவார்கள். உள்ளே வருகிறவனைத்தான் உருட்டி உருட்டிப் பார்க்க வேண்டும், போகிறவன் போனால் ஒரு தலை குறைந்தது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. போகிறவன்தானே, போகட்டும் என்று நினைத்தேன். முத்திரையைக் குத்தினேன். அவன் நன்றி சொன்னதுகூட எனக்குக் கேட்டது.

ஏழாம் நாள் சாயங்காலம், மழை விட்ட நேரம், வாசல் கேட்டில் யாரோ தட்டினார்கள். பரஞ்சோதி லாரி வேலை முடிந்து வந்து குளித்துக்கொண்டிருந்தார். நான்தான் போனேன். சிமெண்ட் படிந்த பூட்சோடு ஒருவன் நின்றான். தலைக்கவசத்தைக் கழற்றினான். என் கண் பழக்கதோஷத்தில் நேரே காதுக்குப் போனது.

மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது.

உலகம் முழுக்கக் கடலுக்கடியில் தேடுகிற ஆள் என் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மலாயில் மேடம் என்பதற்குச் சொல்லும் 'புவான்' போட்டு, நின்றபடியே சொன்னான். போனவன் தம்பி ரிட்வான். படகில் திருட்டுத்தனமாக வந்தவன், ஒரு தாளும் கிடையாது. அம்மா விழுந்த செய்தி வந்ததும் அவனால் சோறு தின்ன முடியவில்லை. கடைக்குட்டி, அம்மா செல்லம். திரும்பவும் படகில் போகிறேன் என்று நின்றான். போன மாதம்தான் ஒரு படகு கவிழ்ந்து அவர்கள் தங்கும் தொழிலாளர் கொங்சியிலிருந்தே இரண்டு பேர் இறந்திருந்தார்கள். அண்ணனுக்குப் பயம். தன் பாஸ்போர்ட்டைக் கொடுத்தான். பெயர் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று கைப்பேசியைக்கூட மாற்றிக்கொண்டார்கள். அம்மா பதறுவார்கள் என்று அவர்களிடம் சஹ்னான்தான் வருகிறான் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

"படகு ஆபத்துன்னு நான்தான் புவான் அவன பிளேன்ல ஏத்தினேன்" என்றான்.

சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

எதற்கு என்னிடம் வந்தாய் என்று கேட்டேன். முகநூலில் வந்த படத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தானாம். ஊரில் அம்மா வீட்டு வாசலில் டிவிக்காரர்கள் நிற்கிறார்களாம். மகன் குண்டு வைத்தவன் என்று பேச்சுக் கிளம்பி, இறந்தவனுக்காகத் துஆ ஓத வந்தவர்கள் ஐந்தாம் நாளிலிருந்து வருவதில்லையாம். அவர்கள் ஊரில் ஒன்பதாம் நாள்தான் பெரிய துஆ, ஊரே கூட வேண்டும். நாளை மறுநாள்.

"கையில இருந்தது கம்புதான்னு நீங்க சொன்னா நம்புவாங்க. பக்கத்துல பாத்தவங்க நீங்க மட்டும்தான். நான் சொன்னா யாரு கேப்பா?"

இதற்குள் பரஞ்சோதி துண்டோடு வந்து கூடத்தில் நின்றார். எவ்வளவு கேட்டாரோ, விஷயம் புரிந்துவிட்டது. என்னைத் தனியே அழைத்துப் போய், குரலை அடக்கிப் பேசினார். நாளைக் காலை பத்து மணிக்கு வாக்குமூலத்தில் கையெழுத்து. முகம் பொருந்தியது என்று எழுதிக் குழுவே முடித்துவிடப் போகிறது. இவன் வெளியே வந்தால் எல்லாம் தலைகீழ். வேலை போகும், நாலு வருஷத்தில் வரவேண்டிய ஓய்வூதியம் போகும், ஜெயிலும் உண்டு.

"அவன் எங்கயாச்சும் போய்ப் பொழைக்கட்டும் மலரு. நாமளும் பொழைச்சுக்கலாம். செத்தவன் ரெண்டாந்தடவையா சாகப் போறான்?"

அவர் கெட்டவர் இல்லை. எனக்காகத்தான் சொன்னார். எனக்கும் அந்த நிமிஷம் அதுதான் சரி என்று பட்டது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் பட்டது. கூடத்துக்கு வந்து, இன்று இரவே வேறு மாநிலத்துக்குப் போய்விடு என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தேன்.

அவன் கையிலிருந்த கைப்பேசி அடித்தது. அவன் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு ஒன்று வந்தது. தினமும் இதே நேரத்துக்கு வருகிறது என்றான். தம்பியின் கைப்பேசி அது. அவனே அழுத்தினான். லொம்போக் பேச்சு எனக்குப் புரியவில்லை. கிழவியின் குரல், நடுவில் இருமல். அவன் ஒவ்வொரு வரியாக மலாயில் சொன்னான்.

"ரிட்வான், ஏன்டா எடுக்க மாட்டேங்குற. அண்ணன் போயிட்டான். நீயாவது எனக்கு இருக்கணும். அவசரப்பட்டுப் படகுல வந்துடாத. அங்கயே பத்திரமா இரு."

பரஞ்சோதி துண்டால் முகத்தைத் துடைத்தபடி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

ஏழு நாளாக அந்த அம்மா போகாத பிள்ளைக்கு அழுதுகொண்டு, போன பிள்ளையைப் பத்திரமாக இருக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் இங்கே ஓய்வூதியத்தை நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் மேல் எனக்கே அருவருப்பு வந்தது.

"தம்பி, நான் ஏமாறல. அவன் நீ இல்லன்னு எனக்குத் தெரியும். காதப் பாத்தேன். தெரிஞ்சுதான் விட்டேன்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் பிடித்திருந்தால் அவன் இப்போது முகாமில் உயிரோடு இருந்திருப்பான் என்று அவன் சொல்லவில்லை. அதை நான்தான் ஏழு நாளாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

அம்மாவிடம் இப்போதே பேசு என்றேன். முடியாது என்று தலையாட்டினான். நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றேன். அவன் கைப்பேசியை நீட்டினான், நான்தான் அழுத்தினேன், ஒலிபெருக்கியில் வைத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"ரிட்வான்" என்றாள்.

"இனாக், நான் சஹ்னான்."

அம்மாவை அவர்கள் இனாக் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பக்கம் கிழவி சிரித்தாளா அழுதாளா என்று சொல்லத் தெரியாத ஓர் ஓசை எழுந்தது. யாரையோ கூப்பிட்டாள், அல்லாஹ்வை அழைத்தாள், அவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். அந்த மகிழ்ச்சியைக் கேட்கவே பயமாக இருந்தது. அரை நிமிஷம்கூட இருக்காது. அப்புறம் அவள் ஏதோ கேட்டாள். மொழி தெரியாத எனக்கே புரிந்துவிட்டது.

இது ரிட்வானுடைய போன் ஆயிற்றே, அவனிடம் கொடு.

அவன் கைப்பேசியை என் மடியில் வைத்துவிட்டான். எனக்குத் தெரிந்த மலாயில் நான் யார் என்று சொன்னேன். ரிட்வானை நான்தான் கடைசியாகப் பார்த்தேன், அண்ணன் பாஸ்போர்ட்டில் போனவன் அவன், தெரிந்தும் நான் விட்டேன் என்றேன். இருமிவிட்டு அவளும் மலாயில், சொல் தேடித் தேடிப் பேசினாள்.

"கையில கம்பு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. நாலு கால் கம்பு. பிரிச்சுக் காட்டினான்."

"அவன என்ன பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க?"

சஹ்னானா என்று கேட்டேன், ஆமாம் என்றான் என்றேன்.

"ஏழு நாளா நானும் அந்தப் பேரச் சொல்லித்தான் ஓதினேன். அவனுக்கு ஒண்ணும் போய்ச் சேந்திருக்காது" என்றாள். "பேர மாத்தச் சொல்லுங்க."

காலையில் பரஞ்சோதி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தன் சட்டை ஒன்றைத் தேய்த்து, இரவு எங்கள் வீட்டிலேயே தங்கிய சஹ்னானிடம் கொடுத்தார். எங்களை அவரே காடியில் கூட்டிப் போனார். இறங்கும்போது எங்கள் இருவருக்கும் ரொட்டி வாங்கிக் கையில் திணித்தார். இனி எப்போது சாப்பிடுவார்களோ என்று நினைத்திருப்பார்.

விசாரணை அறையில் மூன்று பேர். தட்டச்சு செய்த தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்கள். கதவுக்கு வெளியே பெஞ்சில் சஹ்னான் உட்கார்ந்திருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. சட்டை அவனுக்குப் பெரிது. குழுத்தலைவி நல்ல பெண்மணி. எல்லாம் முடிந்துவிட்டது, போய் ஓய்வெடுங்கள் என்று கனிவாகச் சொன்னார். நான் பேனாவை எடுக்கவில்லை. காதிலிருந்து தொடங்கி, ஊன்றுகோல், முத்திரை என்று எல்லாவற்றையும் சொன்னேன். எழுதுகிறவரின் விரல்கள் பாதியிலேயே நின்றுவிட்டன. தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதைச் சொன்னால் உங்களுக்கு என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

அவர் பட்டியலைத் திறந்தார். நூற்று நாற்பத்தொரு பெயர்கள். அதில் ஒன்றின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு, அப்படியானால் ஏழாம் முகப்பைத் தாண்டிப் போனவர் யார் என்று கேட்டார்.

"ரிட்வான்" என்றேன். "இன்னிக்கே மாத்திடுங்க புவான். நாளைக்கு ஒன்பதாம் நாள்."