மசக்கை போன வழி

தாழையூரில் ஒருத்தி உண்டானால், முதல் மூன்று மாதம் பிள்ளை வயிற்றிலேயே அடைந்து கிடக்காது. விடிந்ததும் வெளியே கிளம்பிவிடும். ஊர் எப்படி, தண்ணீர் எப்படி, தெருவில் நாய்த்தொல்லை உண்டா என்றெல்லாம் பார்த்துவிட்டு, விளக்கு வைக்கும் முன் திரும்பும். பிடித்திருந்தால் நான்காம் மாதம் நிலையாக உட்காரும். அதுவரை அந்த வீடுகளில் கதவைத் தாழ் போடுவதில்லை.

போகிற இடத்தில் யாரிடமாவது கொஞ்ச நேரம் தங்கும். அது தங்குகிற ஆளுக்கு மசக்கை வரும். தபால் ஆபீஸில் முத்திரை குத்திக்கொண்டிருப்பவர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினால் வரிசையில் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். ஒரு மாங்காய்த் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று மட்டும் கேட்கக் கூடாது. மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்வது எங்கேதான் வழக்கம்?

அந்த வழக்கம்தான் ஆவுடைத்தங்கத்துக்கு இப்போது வினையாகிவிட்டது. அவள் பிள்ளை நேற்றுப் போனது, ராத்திரி வீடு திரும்பவில்லை. அதற்கு வெங்காயம் தாளிக்கிற வாசனை ஆகாது. காலையில் சட்டி நிறைய வெங்காயத்தை வதக்கி, முகத்தை அதன்மேல் நீட்டிப் பார்த்தாள். குமட்டவில்லை. பசித்தது. அப்படியானால் பிள்ளை இன்னும் உள்ளே வரவில்லை.

"வந்துரும்ளா. சந்தைப் பக்கம் வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கும்" என்றான் புருஷன் இசக்கிராஜ். மினிபஸ் ஓட்டுகிறவன்.

"போன வருசமும் இதையேதான் சொன்னீங்க."

போன வருஷத்துப் பிள்ளைக்குக் காபி ஆகாது. ஒருநாள் வெளியே போனது, அப்படியே போய்விட்டது. காபித் தம்ளரை மூக்கருகே வைத்துக்கொண்டு ஆவுடை பல நாள் வாசலில் நின்றிருக்கிறாள். இசக்கிராஜ் பஸ் சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

ஆவுடை சுகாதார நிலையத்துக்குப் போனாள். நர்ஸம்மா அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"உள்ள ஆள் இல்ல. சத்து மாத்திரை போடுறியா?"

"போடுறேன் சிஸ்டர்."

"விடாமப் போடு. வெயிட்டு தூக்காத. ஆள் இல்லாட்டியும் இடம் பதமா இருக்கணும். ரெண்டாவது ராத்திரியும் வெளிய தங்கிட்டா அந்த இடமே பழகிரும், பாத்துக்க."

வாய்விட்டுக் கேட்காமல் எப்படித் தேடுவது? வதக்கிய வெங்காயத்தைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். டீக்கடையில் மூடியைத் திறந்தாள்.

"வாசம் ஆளைத் தூக்குதே! கொஞ்சம் இலையில வையேன் தாயி" என்றார் டீ மாஸ்டர். சலூன்காரர் சோப்புக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பிடி வாங்கித் தின்றார். ரேஷன் கடை வரிசை முழுக்கத் திரும்பி நாக்கைச் சப்புக்கொட்டியது. ஊரே நல்ல பசியோடு இருந்தது. ஆவுடைக்குக் கால் ஓயத் தொடங்கியது. போலீஸ் ஸ்டேஷன் வந்தபோது வாளியில் பாதிதான் மிச்சம்.

மரியசிலுவை ஏட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கல்யாணம் காட்சி இல்லாத மனுஷன். அவர் மீசையைப் பார்த்தே திருடர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். மூடி திறந்ததும் வேப்பமரத்தடிக்கு ஓடினார். மீசையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"மூடும்மா அதை. நேத்துலேருந்து வெங்காயமே ஆக மாட்டேங்குது."

"ஒரு வாய் காபி குடிங்க ஏட்டையா, சரியாப் போகும்."

"காபி ஒரு வருசமாவே ஆகாது."

மூடியைப் பிடித்த கை அப்படியே நின்றது. தன்னுடையது என்று சொல்லவும் முடியாது. அவர் முகத்தைப் பார்க்காமல், தொப்பைக்கு நேராகப் பேசினாள்.

"எங்க வீட்டுல இனி வெங்காயம் கிடையாது. காபியும் நிறுத்தப்போறேன். மழை பேஞ்சா அடுப்படி ஒழுகும், அதை மறைக்கல. அவுக குறட்டை விடுவாக. ஆனா வாசல்லயே மினிபஸ் நிக்கும். கடைசி ஸ்டாப் வரைக்கும் போகலாம், டிக்கெட் கேக்க மாட்டாக."

ஏட்டு தொப்பையில் கை வைத்து யோசித்தார். "இங்கயும் ஒரு குறையும் இல்ல தாயி. ஜீப் இருக்கு. சைரன் இருக்கு."

"ஜீப் நல்ல வண்டிதான்" என்றாள் ஆவுடை. கண் நிறைந்துவிட்டது.

"நான் யாரையும் பிடிச்சு வைக்கல. லாக்கப்கூடத் திறந்துதான் கிடக்கு."

வீட்டுக்கு வந்து திறந்த கதவுக்கு நேரே உட்கார்ந்தாள். வெயில் முற்றத்தைவிட்டு மதிலேறியது. பக்கத்து வீட்டில் சாம்பாருக்குத் தாளித்தார்கள். ஒன்றுமில்லை. வெங்காயம் சிவந்து, அவர்கள் சட்டியை இறக்கப்போகும் நேரத்தில் ஆவுடை முற்றத்துக்கு ஓடினாள். எழுந்து நிற்கத் தெம்பில்லை, சிரித்தாள். பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த இசக்கிராஜுக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. தனக்கு ஒரு காபி போட்டான். மறுபடி ஓடினாள்.

"காபிக்குமா?" என்றான்.

"காபிக்கும்தான்."

காலையில் ஏட்டு யூனிஃபார்மில் வந்து, புளியங்கொட்டை அளவில் ஒரு காக்கித் தொப்பியைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்தார்.

"யாருதுன்னு நான் கேக்கல. மூத்தது இது இல்லாம வெளிய கிளம்பாது, அதான்." கொஞ்சம் தயங்கினார். "ஒரு காபி கிடைக்குமா தாயி? குடிச்சு நாளாச்சு."

ஆவுடை மூக்கைப் பொத்திக்கொண்டு காபி போட்டாள். இசக்கிராஜ் தொப்பியை எடுத்து, பஸ் சாவி தொங்கும் ஆணிக்கு வெகு கீழே, பிள்ளைக்குக் கை எட்டுகிற உயரத்தில், ஒரு குண்டூசி அடித்து மாட்டினான்.