வேண்டுதல் இல்லாமல் ஏறியவள்

1

இந்தக் கதை எனக்குத் தையல் கடையில் கிடைத்தது. ரவிக்கைக்கு அளவு கொடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன். அளவு நாடாவை என் தோளில் வைத்தபடியே மலர்கொடி, போன ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கோட்டை மலையில் உச்சிவரை ஏறிவிட்டு வந்ததாகச் சொன்னாள். நான் கையைக் கீழே போட்டுவிட்டேன். அளவு தப்பிப் போனது. அந்த ரவிக்கை இன்றும் அக்குளில் பிடிக்கிறது.

மரக்காணம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது அவள் கடை. கணவர் திருமுருகன் உப்பு லாரி ஓட்டுகிறார். ஒரே மகள் சரண்யா, புதுச்சேரியில் நர்சிங் படிக்கிறாள். மலர்கொடிக்கு வயது நாற்பத்துநான்கு. சற்றே பூசினாற்போன்ற

(இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். எழுதியதை அவளிடம் படித்துக் காட்டியபோது இந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "குண்டுன்னே எழுதுக்கா. துணி வெட்டும்போது நான் அப்படிப் பொய் சொன்னா சட்ட உள்ள போவுமா?")

மலர்கொடி குண்டு. நல்ல குண்டு. இனி இது பற்றி ஒளிவுமறைவு இல்லை.

2

இந்தக் கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

ஒன்று: "கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே பிறந்தவளுக்கு, மலை என்பது வானத்தின்" — வானத்தின் என்ன என்று எனக்கே தெரியவில்லை. அழகாக வருகிறதே என்று எழுதிக்கொண்டு போனது, அவ்வளவுதான். இதில் உண்மை ஒன்றே ஒன்று: எங்கள் ஊரில் எல்லாமே தட்டை. உப்புப் பாத்தி தட்டை, கழிவெளி ஏரி தட்டை, கடற்கரைச் சாலை தட்டை. உயரமாக எதையாவது பார்க்க வேண்டும் என்றால் கீற்றுப் போட்டு மூடிய உப்புக் குவியலைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு: "டாக்டர் அவளை நடக்கச் சொன்னார்." இது படிக்கிறவர்களுக்கு உடனே பிடித்துவிடும். குண்டான ஒருத்தி மலை ஏறுகிறாள் என்றால் சர்க்கரையோ மூட்டுவலியோ இருந்தாக வேண்டும், அவள் திருந்த வந்திருக்க வேண்டும். மலர்கொடிக்குச் சர்க்கரை இல்லை. டாக்டர் எதுவும் சொல்லவில்லை.

மூன்று, நடந்தது: உறவுக்காரர் கல்யாணத்துக்கு வேனில் போகும்போது செஞ்சியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். எல்லோரும் டீயைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கோட்டையைப் பார்த்தாள். பாறைமேல் பாறையாக ஏறிப்போய் உச்சியில் ஒரு கட்டடம் நின்றது. அங்கே நின்று பார்த்தால் என்ன தெரியும் என்று கணவரைக் கேட்டாள். கீழே டீ குடிக்கிறவர்கள் தெரிவார்கள் என்றார் அவர். அன்றிலிருந்து அந்த ஆசை அவளை விடவில்லை.

3

ஆசை வந்தவுடன் ஏறிவிடவில்லை. புடவை காலில் மாட்டும் என்று முதலில் ஒரு கால்சட்டை தேடினாள். திண்டிவனத்தில் எந்தக் கடையிலும் அவள் அளவு இல்லை. ஒரு கடைக்காரப் பெண், "உங்க சைஸுக்கு வராதுக்கா" என்று அவளைப் பார்க்காமலே சொன்னாள். மலர்கொடி நேராகத் துணிக்கடைக்குப் போய்த் தடித்த காட்டன் எடுத்து, தனக்குத் தானே அளவெடுத்து, முழங்கால் மடங்கும் இடத்தில் தாராளமாக இடம் விட்டு, இரண்டு பக்கமும் ஆழமான பாக்கெட் வைத்துத் தைத்தாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் உயரும்.

பிறகு மயிலம். அங்கே முருகன் கோயில் இருப்பது சின்னக் குன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் படி ஏறி இறங்கிப் பழகினாள். மூச்சு வாங்கியது. உட்கார்ந்தாள், ஏறினாள். வழியில் போகிறவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள், பையை வாங்கிக்கொண்டார்கள். ஒருவர்கூட ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை.

(ஒரு ஓரக்குறிப்பு. அது ஏன் என்று நான் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன், மலர்கொடியோ பித்தான் தைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்: "கோயிலுக்குன்னா எவ்ளோ குண்டா இருந்தாலும் ஏறலாங்க்கா. வேண்டுதல்னு நெனச்சிப்பாங்க. சும்மா ஏறினாத்தான் கேள்வி.")

4

செஞ்சிக்கு அவளோடு சரண்யாவும் வந்தாள். அம்மா தனியாகப் போக வேண்டாம் என்று லீவு நாளில் வந்திருந்தாள். காலையிலேயே திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்து, அங்கே மாறி, டிக்கெட் வாங்கி, கோட்டை மலைகளில் உயரமான ராஜகிரியின் அடிவாரத்துக்கு வந்தார்கள்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. பாறையில் வெட்டிய படிகள், மரநிழல், சோற்றுப் பையைக் குறிவைத்துக் கூடவே வரும் குரங்குகள். முதல் வாசலைத் தாண்டியதும் படி செங்குத்தானது. மலர்கொடி நின்று நின்று ஏறினாள். நிற்கும் இடமெல்லாம் ஏதாவது சொல்ல ஒருவர் இருந்தார்.

முதலில் குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெரியவர். இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஏனம்மா இதெல்லாம் என்று ஆரம்பித்தார். குரலில் அக்கறை இருந்தது. கடைசியில் அதுவும் போனது: "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா உங்கள யாரும்மா கீழ தூக்கினு வர்றது?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அடுத்து நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றுகொண்டிருந்த ஒரு அம்மாள். அவருக்கு உடம்பு பற்றி ஒன்றும் இல்லை, கால்சட்டைதான் உறுத்தியது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டாரா என்று கேட்டார். மலர்கொடி நின்று, மூச்சைப் பிடித்து, பதில் சொன்னாள்.

"அவரு கைலிதான் கட்டுவாரு. நான் ஒண்ணும் சொல்றதில்ல."

மூன்றாவது, சென்னையிலிருந்து வந்த ஒரு பையன்கள் கூட்டம். ஒரே நிறத்தில் பனியன் போட்டிருந்தார்கள். அவர்களில் உயரமானவன், "ஆன்ட்டி, லிஃப்ட் ரிப்பேர் போல" என்றான். இன்னொருவன் கைபேசியைத் தூக்கிப் பிடித்தான். எடுத்தானா இல்லையா தெரியாது. தாண்டிப் போய்விட்டார்கள். சிரிப்பு மட்டும் மேலே போன பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது.

பெரியவருக்கு மலர்கொடி என்ன பதில் சொன்னாள் என்று கேட்டேன். பேசினால் மூச்சு வீணாகும், தனக்கு அது ஏறுவதற்கு வேண்டியிருந்தது என்றாள்.

5

பையன்கள் போன பிறகுதான் அது நடந்தது. சரண்யா இரண்டு படி மேலே நின்றிருந்தாள். திரும்பி வந்து, தணிந்த குரலில் சொன்னாள்:

"வாம்மா, எறங்கிடலாம். எல்லாரும் பாக்குறாங்க."

மற்றவர்கள் சொன்னதையெல்லாம் மலர்கொடி சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாள். இதைச் சொல்லும்போது தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். அன்று படியில் அப்படியே உட்கார்ந்து அழுதுவிடலாமா என்று இருந்ததாம்.

உட்காரவில்லை.

"நீ வேணா இங்க ஒக்காரு. நான் பாத்துட்டு வர்றேன்" என்று பையை மகளிடம் கொடுத்தாள். தண்ணீர் பாட்டிலை மட்டும் பாக்கெட்டில் செருகிக்கொண்டு மேலே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவோமோ என்ற பயம்.

6

இந்த இடத்தில் எனக்குச் சரண்யாமேல் கோபம் வந்தது. முதல் பிரதியில் அவளைக் கைபேசியிலிருந்து கண்ணெடுக்காத பெண்ணாக, அம்மா தைத்துக் கொடுத்த பணத்தில் படித்துக்கொண்டு அம்மாவுக்கே

(அடித்துவிட்டேன். அந்தப் பையன்கள் மலர்கொடியைப் பார்த்த மாதிரிதான் நானும் சரண்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

அவள் ஊருக்கு வந்திருந்தபோது நேரிலேயே கேட்டேன். சரண்யா சொன்னாள்: "எனக்கும் அம்மா ஒடம்புதாங்க்கா. இன்னும் கொஞ்ச வருஷத்துல நானும் அப்படித்தான் இருப்பேன். அவங்க அம்மாவப் பாத்து சிரிச்சப்போ, என்னையும் சேத்து சிரிச்ச மாதிரி இருந்துச்சு. ஓடிடணும்னு தோணிச்சு."

இதை நான் கற்பனை செய்திருக்கவே மாட்டேன். அந்தப் படியில் சிரிப்புக்கு ஆளானவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மேலே போனாள், ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள்.

7

இனி உச்சி. எனக்குத் தோன்றிய முடிவு இது: உயரமான பையனுக்குக் கால் பிசகுகிறது. நண்பர்கள் திகைத்து நிற்க, மலர்கொடி அவனைத் தோளில் தாங்கி இறக்குகிறாள். அவன் கண்ணில் நீர். "மன்னிச்சிடுங்க ஆன்ட்டி."

மலர்கொடி இதைக் கேட்டுவிட்டு முகம் சுளித்தாள். "அந்தப் புள்ள காலு எதுக்குக்கா ஒடையணும்? அவன் உழுந்தாத்தான் நான் ஏறினது கணக்கா?"

எனவே அவன் கால் நன்றாகவே இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு பாறைகளுக்கு நடுவே பிளவு இருக்கிறது, அதன்மேல் ஒரு பாலம். நடுப்பாலத்தில் நின்று அவள் கீழே பார்த்தாள். தாண்டினாள். வாசலைக் கடந்து மீதிப் படிகளைக் கையை முழங்காலில் ஊன்றி ஏறினாள். மேலே காற்று அவளைப் பிடித்துத் தள்ளியது. அவள் நகரவில்லை. "அந்தக் காத்துக்கு அன்னிக்கி என்னத் தவிர எல்லாரும் ஆடினாங்க" என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறாள்.

சுற்றிலும் குன்றுகள், வயல்கள், தீப்பெட்டி மாதிரி ஊர்கள். கிழக்கே எங்கள் கடல் தெரியுமா என்று தேடினாள். தெரியவில்லை. வெள்ளையாக மங்கல்தான் இருந்தது. அதுவும் நன்றாக இருந்தது என்றாள்.

பனியன் பையன்கள் அங்கேதான் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் உயரமானவன் கைதட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். அவன் உண்மையிலேயே நெகிழ்ந்துபோய்த்தான் வந்தான். நீங்கள் பெரிய இன்ஸ்பிரேஷன், உங்களோடு ஒரு செல்ஃபி எடுத்துப் போடுகிறேன், நிறைய பேருக்கு நம்பிக்கை வரும் என்றான்.

கீழே இருக்கும்போது அவள் கேலிக்கு உரியவள், மேலே வந்ததும் பாடம். இரண்டுக்கும் நடுவில் அவனுக்கு ஒரு மனுஷி தெரியவே இல்லை. இது நான் சொல்வது. மலர்கொடி சொன்னது இதைவிடச் சின்னது.

"வேணாம் தம்பி. நீ ஏறினதுக்கு நான் கை தட்டினேனா? நீயும் ஏறின, நானும் ஏறினேன். தள்ளி நில்லு, எனக்கு மறைக்குது."

அவன் தள்ளி நின்றான். முகம் சிவந்திருந்ததாம். அவள் அதற்குமேல் கவனிக்கவில்லை. பார்க்க நிறைய இருந்தது.

8

இறங்கும்போது பாலத்தின் மேல்பக்கத்துக்கு வந்தாள். எதிர்ப்பக்கம் சரண்யா நின்றிருந்தாள். பை தோளில், முகமெல்லாம் வியர்வை.

நடுவில் என்ன நடந்தது என்பதைச் சரண்யா எனக்குச் சொன்னாள். இறங்கி வந்த ஒரு கூட்டம், மேலே ஒரு குண்டம்மா தனியாகப் போகிறாள், பாதியில் விழப்போகிறாள் என்று பேசிக்கொண்டே அவளைத் தாண்டியிருக்கிறது. "அது எங்க அம்மா" என்றாளாம். அவர்கள் நின்றுவிட்டார்கள். "உழ மாட்டாங்க" என்று இன்னொன்றையும் சொல்லிவிட்டு, எழுந்து ஏற ஆரம்பித்திருக்கிறாள்.

இருவரும் பாலத்தின் இரண்டு பக்கத்தில் நின்றார்கள். வாசலில் நின்ற காவலாளி, நேரமாகிறது, இனி யாரையும் மேலே விடமாட்டேன் என்று விசில் ஊதிக்கொண்டிருந்தார். மலர்கொடிக்கு முழங்கால் இரண்டும் துடித்தன. மகளுக்கு இன்னும் உச்சி பாக்கி.

சரண்யா பாலத்தைத் தாண்டி வந்து ஏதோ சொன்னாள். மலர்கொடியும் ஏதோ சொன்னாள். அதன்பின் அவர்கள் எந்தப் பக்கம் நடந்தார்கள்?

தாயைக் கேட்டேன், மகளைக் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். கடைசியாகப் போனபோது மலர்கொடி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அத எழுதாதக்கா. மலைமேல எல்லாரும் பாத்தது போதும். அது எங்களுது" என்றாள்.

நீங்கள் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தால், அவர்கள் ஏறியிருப்பார்கள் என்றோ இறங்கியிருப்பார்கள் என்றோ ஏதோ ஒன்றை இந்நேரம் முடிவு செய்திருப்பீர்கள். செய்துகொள்ளுங்கள். அவர்கள் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.