மூன்றாவது பட்டை

“இன்னொரு தடவ அந்த நாய் அவுத்துக்கிட்டு ஓடிச்சுன்னா, நாயும் வேண்டாம், நீயும் வேண்டாம், உன் வாடகையும் வேண்டாம்!”

“ஓடினது நாய் சார். நான் எங்க ஓடினேன்?”

“பின்னாடியே ஓடினியே, வெறும் பட்டையக் கையில புடிச்சுக்கிட்டு! ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல!”

மாடிப்படியின் கீழே நின்று கத்தியவர் வீட்டுக்காரர். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக்கொடி காட்டிய கை, ஓய்வுக்குப் பிறகு சிவப்பு மட்டும்தான் காட்டும். மேலே நின்று பதில் சொன்னவள் மாடியில் குடியிருக்கும் தையல்காரி. நடுப்படியில் வசதியாக உட்கார்ந்திருந்தவள், எதிர் வீட்டுக்காரியான நான். ஊசி இரவல் வாங்க வந்திருந்தேன். என் வீட்டில் ஒரு டப்பா நிறைய ஊசி இருப்பது வேறு விஷயம்.

“அக்கா, நீங்களாவது சொல்லுங்க,” என்றாள் தையல்காரி.

கேட்காமலே சொல்கிறவள் நான். கேட்டால் விடுவேனா? “நாய் மேல தப்பில்ல சார், பட்டை மேலதான் தப்பு,” என்றேன். அந்தப் பட்டையை வெட்டச் சொன்னதே நான்தான் என்று தையல்காரி வாய் திறக்கவில்லை. அவள் நல்ல மாதிரி.

நாயின் பெயர் துரை. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்ட் இனம். நாய்க் காப்பகத்திலிருந்து அவள் அதை அழைத்து வந்தபோது தெருவே கதவைச் சாத்தியது. துரையோ பகல் முழுக்க மெஷினுக்குப் பக்கத்தில் வெட்டுத்துணிக் குவியலின் மேல் காலை நீட்டித் தூங்கும். என் புருஷனுக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், துரை குறட்டை விடாது. ஆனால் பூனை கண்ணில் பட்டால் போச்சு. நாம் ‘ஐயோ’வில் ‘ஐ’ சொல்வதற்குள் தெருமுனையில் இருக்கும்.

அந்த இன நாய்க்குக் கழுத்தைவிடத் தலை ஒல்லி. சாதாரணக் கழுத்துப்பட்டை வளையல் மாதிரி உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் காப்பகத்தில் உடம்பில் மாட்டும் ஹார்னஸ் ஒன்று கொடுத்திருந்தார்கள். கழுத்துக்கு ஒரு பட்டை, மார்புக்கு ஒரு பட்டை, அதற்கும் பின்னால் இடுப்புப் பக்கம் தொளதொளவென்று மூன்றாவதாக ஒன்று. தையல்காரிக்கு உபரியாக எது தொங்கினாலும் கை அரிக்கும். “இது எதுக்குக்கா?” என்றாள். “எதுக்குமில்ல, வெட்டிடு,” என்றேன், ஏதோ நாய்க்குச் சட்டை தைத்தே வயிறு வளர்த்தவள் போல. வெட்டி, ஓரம் அடித்து, அழகாக முடித்துவிட்டாள். மறுநாள் காலை ஒரு லாரி ஹாரன் அடித்தது. துரை மிரண்டு பின்னால் போக, ஹார்னஸ் தலைவழியாகக் கழன்று அவள் கையில் நின்றது. மீதியைத்தான் கார்டு கத்திக்கொண்டிருந்தார்.

காப்பகத்துக்கு அவரே போன் செய்துவிட்டார். நாயைத் திருப்பி எடுத்துப்போக ஞாயிற்றுக்கிழமை வேன் வரும். “அதுக்குள்ள, அவுத்துக்காதுன்னு என் கண் முன்னால காட்டு. இல்லேன்னா வேன்ல ஏத்து.”

அன்று மாலை தையல்காரி அழவில்லை. அளவு நாடாவோடு துரையின் பக்கத்தில் உட்கார்ந்து, மார்பைச் சுற்றினாள், இடுப்பைச் சுற்றினாள், நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“அக்கா, பாவாடைய இடுப்புல இறுக்கிக் கட்டினா, தலைவழியா உருவ முடியுமா?”

“மார்பு தடுக்குமே.”

“அதுக்குத்தான் மூணாவது பட்டை! இதுக்கு மார்பு அண்டா, இடுப்பு டம்ளர். நாடாவ நாமளே வெட்டிட்டு, பாவாடை நிக்கலியேன்னு நிக்கிறோம்.”

‘நாமளே’ என்றாள் பாருங்கள், அதுதான் அவள் பெருந்தன்மை.

கனத்த பை வாரில் புதுப்பட்டை வைத்துத் தைத்தாள். தையல் தாங்குமா என்று கார்டு வீட்டு ஜன்னல் கம்பியில் மாட்டி, தானே தொங்கிப் பார்த்தாள். ஜீன்ஸ் துணியில் தனக்குக் கையுறையும் தைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை, ரோட்டை விட்டுத் தள்ளியிருந்த காலி மைதானம். கார்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காப்பகத்து வேன்காரர் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். தையல்காரி நீளக் கயிற்றைத் துரையின் முதுகு வளையத்தில் மாட்டினாள். “கழுத்துல மாட்டினா, கயிறு முடியற இடத்துல கழுத்து முறிஞ்சிடும். இந்த நீளம் மோந்து பாக்குறதுக்கு, ஓடுறதுக்கு இல்ல. தொய்வ மடிச்சு மடிச்சுக் கையில வச்சுக்கணும், கையைச் சுத்திச் சுத்தக்கூடாது.”

“குடு, நான் காட்டறேன்,” என்றேன். எதற்கு என்று கேட்காதீர்கள். நாலு பேர் நிற்கிற இடத்தில் சும்மா நிற்க எனக்கு வராது.

“கையுறை போட்டுக்குங்கக்கா.”

“எத்தன சுடுசட்டி எறக்கின கை இது!”

துரை புல்லை மோந்துகொண்டே போனது. நான் வேன்காரரை மோந்தேன். எந்தப் பக்கம், வீட்டில் யார் யார், கல்யாணம் ஆயிற்றா? “இன்னும் இல்லீங்க,” என்றார். “ஏன்?” என்று நான் திரும்பிய நேரத்தில் மடிப்பெல்லாம் கையிலிருந்து கொட்டிவிட்டது. மதில்மேல் பூனை.

கயிறு உள்ளங்கையைச் சுட்டது. அடுத்து நான் பார்த்தது மண். மிக அருகில். தையல்காரி தாவிக் கயிற்றைப் பிடித்து, கூடவே ஓடி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிறுத்தினாள். மிரண்ட துரை அவளைப் பார்த்துத் திரும்பி, அன்று போலவே பின்னால் பின்னால் போய்த் தலையை உதறியது. ஹார்னஸ் முன்னால் நகர்ந்தது. மூன்றாவது பட்டை மார்பில் முட்டி, அங்கேயே நின்றது.

கார்டு துரையைப் பார்த்தார். பிறகு கீழே கிடந்த என்னை.

“நாய்க்குக் கட்டு சரியாத்தான் இருக்கு. இந்தம்மாவுக்கு ஒண்ணு தைச்சுப் போடு.”

வேன் காலியாகத் திரும்பியது. ஆனால் பட்டை சரியாக இருக்கிறதா பார்க்க என்று வேன்காரர் அடிக்கடி வந்தார். கையில் கட்டோடு ஜன்னலில் உட்கார்ந்திருந்த நான் ‘பொறுப்பான மனுஷன்’ என்று தெருவெல்லாம் பாராட்டினேன். கல்யாணம் ஆகாதவர் என்று கேட்டுச் சொன்னவளும் நானே. அவருக்கும் தையல்காரிக்கும் கல்யாணம் என்ற செய்தியைத் தெருவிலேயே கடைசியாகக் கேட்டவளும் நானே.

மதில் வைத்த வீடு பார்த்து மூவரும் குடிபோனார்கள். கார்டு வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்: ‘மாடி வாடகைக்கு. நாய் இருந்தாலும் வரலாம். கயிற்றை எதிர் வீட்டில் கொடுக்கக் கூடாது.’