மூன்று முறை அழைத்தார்கள்

எல்லப்பன் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் கட்சிக்காரர் எழுதிக்கொடுத்த சிபாரிசுக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் நடந்த பணியிடக் கலந்தாய்வுக்கு வந்திருந்தார். மருமகள் மஞ்சுளா பஸ்ஸிலேயே சொல்லிப் பார்த்தாள்.

"இப்பல்லாம் அப்படி இல்ல மாமா. மார்க் வரிசையில கூப்புடுவாங்க. காலியா கீற ஊர நம்மளே கேட்டு வாங்கிக்கலாம்."

"நீ சும்மா வா. கவர்மெண்ட்ட எத்தினி வருசமா பாத்துக்கினு கீறேன்!"

வீட்டுக்குப் பக்கமான உத்திரமேரூர் கிடைத்தால்தான் அவள் வேலைக்குப் போகலாம் என்பது அவர் தீர்ப்பு. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருந்தது. மஞ்சுளாவும் கணவன் ஜீவாவும் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்து, இளநிலை உதவியாளர் தேர்வை ஒன்றாக எழுதினார்கள். முடிவு வருவதற்குள் மஞ்சள் காமாலை ஜீவாவைக் கொண்டுபோய்விட்டது. இருவருமே தேறியிருந்தார்கள்.

கூடத்துக் கரும்பலகையில் ஊர்ப்பெயர்கள் இருந்தன. ஒருவர் ஓர் ஊரைக் கேட்டதும் அலுவலர் அம்மா அதைக் கோடு போட்டு அடித்தார். எல்லப்பன் கடிதத்தை நீட்டினார்.

"இது இங்க செல்லாது பெரியவரே. போய் உக்காருங்க."

"பழமாச்சும் எடுத்துக்கோம்மா. லஞ்சம் இல்ல, எங்க கொல்லையில காச்சது."

கூடமே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்தார்.

"பதினேழு. ஜீவா."

இரண்டாம் முறை அழைத்தார்கள். மூன்றாம் முறையும் அழைத்துவிட்டு, அந்த அம்மா கதவைப் பார்த்தபடி காத்திருந்தார்.

எல்லப்பன் எழுந்தார். "எம் மவன்ங்க. தவறிட்டான். அவன் எடத்த மருமவளுக்குக் குடுங்க, அவளும் பாஸு."

அந்த அம்மா மஞ்சுளாவின் பெயரைக் கேட்டுப் பட்டியலில் தேடினார். "அப்படி மாத்த முடியாதுங்க. அவங்க இருபது. முறை வரட்டும்."

பதினெட்டாமவர் தாம்பரம் கேட்டார். பத்தொன்பது, கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்.

"உத்திரமேரூர்."

சுண்ணக்கட்டி அந்தப் பெயரின் மேல் ஓடியது. அடிக்காத பெயர்களில் மதுராந்தகம் இருந்தது.

"இருபது. மஞ்சுளா."

அவள் மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா முழிக்கிற? கேளு."

"உத்திரமேரூர் பூடுச்சே மாமா."

"பூட்டா பூட்டும். நம்ம கண்ணு முன்னாடிதான போச்சி. எவனும் பின்பக்கமா வந்து எடுத்துக்கினு போவலியே." அவர் குரல் உடைந்தது. "இல்லாத புள்ளைய மூணு தபா கூப்ட்டுப் பாத்தாங்கம்மா. மதுராந்தகத்துக்கு பஸ் கீது. கொழந்தைய நானும் உங்கத்தையும் பாத்துக்கறோம்."

"மதுராந்தகம்" என்றாள் மஞ்சுளா. நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்தது.

"எப்ப சேர்றீங்க?"

"திங்கக்கிழமையே."