இரண்டாகத் தெரிந்த வண்டு

1987 மார்ச் 9, திங்கட்கிழமை, காலை பத்தேகால். தூறல் விட்டிருந்தது, வெயில் இன்னும் தயங்கிக்கொண்டிருந்தது. அருங்காட்சியக அதிகாரி குடையை வாசலில் சாய்த்துவிட்டு, அண்ணனும் தங்கையும் நடத்தும் ஸ்டுடியோவுக்குள் வந்தார். அவருடைய பையில், அண்ணன் பொருத்தி அனுப்பியிருந்த முப்பரிமாண ஸ்லைடுகள் இருந்தன.

ஒரே வண்டைத் தங்கை இரு கோணங்களில் படமெடுப்பாள். அந்த இரு பிலிம் துண்டுகளையும் அண்ணன் ஒரு சட்டத்தில், ஒரே மட்டத்தில் பொருத்துவார். இரண்டு லென்ஸ் வைத்த வியூவரில் இரு கண்ணாலும் பார்த்தால், இரண்டும் ஒன்றாகி வண்டு எழுந்து நிற்க வேண்டும்.

"நிக்கல," என்றார் அதிகாரி. "ரெண்டா தெரியுது. பாக்கப் பாக்கத் தலை தெறிக்குது. மத்தவங்க ஸ்லைடெல்லாம் என் வியூவர்ல நல்லாத்தான் இருக்கு. மிச்ச வேலையை உங்களுக்குக் குடுக்கறதா வேணாமான்னு இன்னைக்கே எழுதிக் குடுத்தாகணும்."

அண்ணனுடைய வியூவரில் எதுவும் பிசகவில்லை. எனவே பிசகியது தம் கண்தான் என்று, புகார் வந்த நாளிலேயே முடிவு கட்டியிருந்தார். கண் போனால் தொழில் போயிற்று. வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

"மேடம், உங்க வியூவரைக் கொஞ்சம் குடுங்க," என்ற தங்கை, வாங்கி அண்ணனிடம் நீட்டினாள். "நீ பாரு."

"நான் பாத்து என்ன ஆகப்போகுது? எனக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும்."

"பாரேன். கண்ணு என்ன, தேஞ்சா போயிடும்?"

அவர் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"ரெண்டு வண்டு!" என்று கத்தினார். "ஒண்ணு மேல, ஒண்ணு கீழ! ஐயோ, வலிக்குது!"

தலைவலிக்கு இவ்வளவு மகிழ்ந்த மனிதரை அதிகாரி அதுவரை கண்டதில்லை.

"வலிக்குதுன்னுட்டுச் சிரிக்கிறீங்க?"

"என் கண்ணு கெட்டிருந்தா, அந்தக் கண்ணுக்கேத்த மாதிரிதான் பொருத்தியிருப்பேன்; எதுல பாத்தாலும் எனக்கு ஒண்ணாத்தானே தெரியணும், மேடம்? கண்ணு நல்லா இருக்கு. என் வியூவர்தான் கோணல்!"

அது சென்ற மாதம் கீழே விழுந்தபோது, கழன்ற லென்ஸை அவரே ஒட்டியிருந்தார்.

"கம்பெனிக்காரனே இப்படி ஒட்டமாட்டான்னு பீத்திக்கிட்டியே," என்றாள் தங்கை.

அதிகாரி அண்ணனின் வியூவரில் பார்த்தார். வண்டு ஒன்றாகவே நின்றது. ஒரு லென்ஸ் மற்றதைவிட மயிரிழை உயரமாக ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஸ்லைடையும் அண்ணன் அந்தக் கோணலுக்கு மிகத் துல்லியமாகப் பொருத்தியிருந்தார். கட்டம் போட்ட கண்ணாடியில் மட்டம் பார்ப்பது புதியவர்களுக்கு உரியது என்பது அவருடைய கொள்கை.

அந்தக் கொள்கையைக் கைவிட்டு, அவர் கட்டக் கண்ணாடியை விளக்குப் பெட்டியின்மேல் வைத்தார். சட்டத்தைப் பிரித்து, வலப்பக்கத் துண்டை இடுக்கியால் நகர்த்தினார். இரு படங்களிலும் கொம்பின் நுனி ஒரே கோட்டைத் தொட்டதும் மீண்டும் ஒட்டினார்.

அதிகாரி தம் வியூவரில் வெகுநேரம் பார்த்தார். கொம்பு முட்டிவிடும் என்பதுபோல் தலையைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் திரும்பப் பொருத்தணும்."

"பொருத்திடறேன், மேடம்."

"உங்க வியூவரை நான் எடுத்துட்டுப் போறேன். இங்க இருந்தா மறுபடியும் ஒட்டுவீங்க."

"புண்ணியமாப் போகும்," என்றாள் தங்கை.

மீதி வேலை முழுவதும் இவர்களுக்கே என்று எழுதிக் கையொப்பமிட்ட அதிகாரி, மை உலர ஊதிவிட்டுத் தாளை நீட்டினார். அண்ணன் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.