மாலை ஆறு மணிக்கு வந்தவை

மாலை ஆறு மணிக்கு வருகிறேன் என்று வக்கீல் தன் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போன அன்று, சொன்ன நேரத்துக்கு ஒரு மாலையும் ஓர் ஆறும் ஒரு மணியும் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. வக்கீல் மட்டும் வரவில்லை. மாலை கதவின் கைப்பிடியில் தொங்கியது. வெண்கல மணி சோபாவில் இடம் பிடித்தது. ஆறு வாசல் வழியே நுழைந்து, கூடத்தைக் கடந்து, சமையலறைப் பின்கதவு வழியே வெளியேறியது. முழங்கால் ஆழம்தான், மீன்களும் சின்னவைதான். மனைவி பல் மருத்துவர், எதையும் உடனே பிடுங்கிவிடாத பொறுமைசாலி. தரைவிரிப்பைச் சுருட்டி மேலே வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

மறுநாள் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்த வக்கீல், "நான் சொன்னதுல எது வரல? மாலை வந்துச்சா? ஆறு? மணி?" என்று குறுக்கு விசாரணை செய்தார். ஒரு சொல்லுக்குள் இரண்டு அர்த்தம் ஒளித்து வைப்பதுதான் அவர் தொழில். அவர் எழுதிய ஒப்பந்தங்களால் பாதி ஊர் மீதி ஊரோடு வழக்காடிக்கொண்டிருந்தது. நகராட்சிப் பொறியாளர் வந்து பார்த்து, வீட்டுக்குள் ஓடுவதால் இது தனியார் ஆறு என்று அறிவித்தார். "சாயங்காலம்னு சொல்ல வெச்சிருக்கணும்மா" என்று அறிவுரையும் வழங்கினார். கிளினிக் சாவியைத் திங்கள் உன் கையில் தருகிறேன் என்று வக்கீல் வாக்குக் கொடுத்த வாரம், சாவி வரவில்லை, திங்கள் வந்து அவள் கையில் இறங்கியது. நல்ல வெளிச்சம். கடைவாய்ப் பல் பார்க்க உதவுகிறதென்று அதை வைத்துக்கொண்டு வீட்டிலேயே வைத்தியம் பார்த்தாள்.

இப்படியே சில வருடங்கள் ஓடின. ஒருநாள் அவள் கையுறையைக் கழற்றிவிட்டு நேராகவே கேட்டாள்: "என்கூட வாழ உங்களுக்கு இஷ்டமா, இல்லையா? ஒரே வார்த்தை, ஒரே அர்த்தம். சொல்லுங்க."

வக்கீல் நீதிபதி முன் நிற்பவரைப் போலக் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். "பார்க்கலாம்" என்றார். அதுமுதல் அவரைப் பார்க்க மட்டும் முடிந்தது. தொட முடியவில்லை, வாய் அசைந்தாலும் சத்தம் வரவில்லை. நீதிமன்றம் மூன்று முறை வாய்தா கொடுத்துவிட்டுக் கைவிட்டது. அவள் அன்று மாத்திரம் அழுதாள். பிறகு, இதைவிடத் தெளிவான பதிலை அவர் எப்போதும் சொன்னதில்லை என்று தோன்றியது. முகம் கழுவிக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

கட்சிக்காரர்கள் வாசலில் நின்று, "சார் இருக்காரா?" என்பார்கள்.

"இருக்கார். பார்க்கலாம்" என்பாள்.

அவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கிக் கடந்து, பார்த்துவிட்டுப் போனார்கள்.