மேப்பிளின் அடிமண்

போஸ்கோப் ஊரில் ஒரு மரம் வாடினால் போதும், தெருவே எட்டிப் பார்த்துக் காரணம் சொல்லும். பாதி ஊருக்கு நாற்றுப்பண்ணைதான் பிழைப்பு. ஆரென்ட் வீட்டு முன்தோட்டத்துச் சிவப்பு மேப்பிள் மூன்று வருடமாக இளைத்துக்கொண்டே வந்தது. கோடை பிறந்ததும் இலை சுருண்டது. உச்சிக் கிளைகள் மொட்டையாக நின்றன.

அது அவர் மனைவி லீஸ்பெத் தன் கையால் ஒட்டுக்கட்டி வளர்த்த மரம். பண்ணையில் இருபத்தாறு வருடம் அதே வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்தபின் சக்கர நாற்காலிதான். பேச்சும் நின்று நின்றுதான் வரும். ஆரென்ட் பாசக்காரர். மனைவி திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல், ஒரு சொல் வந்ததுமே மீதியைத் தானே முடித்துவிடுவார்.

"ஆரென்ட்... மரத்துல... மண்ணு..."

"மண்ணுதானே? போட்டுடறேன். நீ அலட்டிக்காத."

ஒவ்வொரு வசந்தத்திலும் இதே பேச்சு. அவரும் தவறாமல் மூட்டை மூட்டையாக மண் கொட்டினார்.

கடைசியில் மர வைத்தியர் ருட்கர் வந்தார். "யார் வச்ச மரம்?"

"இவதான். பாவம், இப்ப இவளால..."

ருட்கர் லீஸ்பெத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "நீங்க சொல்லுங்க. எனக்கு அவசரமில்ல."

"மண்ணு..."

ஆரென்ட் வாயைத் திறந்தார். ருட்கர் கையமர்த்தினார். லீஸ்பெத்தின் முகத்திலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

"மண்ணு... ஏறிப்போச்சு. எடு...க்கணும்."

ருட்கர் அடிமரத்தைச் சுற்றிக் கையால் தோண்டினார். ஒரு சாண் ஆழத்தில் பட்டை ஊறிக் கறுத்திருந்தது. வேரொன்று தண்டைச் சுற்றி இறுக்கியிருந்தது.

"இதைத்தான் மூணு வருஷமா சொல்லிட்டிருக்கீங்களா?"

லீஸ்பெத் தலையசைத்தார். கண் நிறைந்துவிட்டது.

"இந்த வேரை வெட்டி, மண்ணை எடுத்தா பொழைக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது," என்றார் ருட்கர்.

ஆரென்ட் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"எடுன்னு சொல்ல வந்தா, நான் கொட்டியிருக்கேன். உதவுறதா நெனச்சு இவ பேச்சையே பிடுங்கிட்டேன். ஒருத்தர் மெதுவாப் பேசினா, முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். அதுதான் மரியாதை, அன்பும் அதுதான். அது தெரியாம..."

"இப்ப...வும்..." என்றார் லீஸ்பெத்.

ஆரென்ட் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"இப்பவும்... நீயேதான்... பேசிட்டிருக்க."